பன்னிரண்டாவது மாடு எங்கே?

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் போர்வையை உதறிவிட்டு எழுந்திருப்பேன் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இப்போது அலாரம் அடிக்கும் முன்பே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். எதற்கு? மாடு எண்ண! சொந்த மாடு இல்லை. சம்பளம் இல்லை. ஒரு சொட்டுப் பால்கூடக் கிடைக்காது. ஆனாலும் என் வாரத்திலேயே ஆகச் சிறந்த இரண்டு மணி நேரம் அதுதான். யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இடம், இங்கிலாந்தின் சர்ரேயில் வோக்கிங் பக்கத்திலுள்ள சொபம் காமன். தமிழ்க் காதில் ‘சாபம்’ என்றுதான் விழும். எனக்கோ வரம்! 600 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடக்கும் தேசிய இயற்கைக் காப்பகம் அது. எம்3 நெடுஞ்சாலை நடுவில் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. 1853இல் விக்டோரியா ராணி இங்கே வந்து படை அணிவகுப்பைப் பார்வையிட்டாராம். அணிவகுப்பைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. நான் வருவது வெள்ளைப் பட்டை மாடுகளுக்காக.

பெல்டட் காலோவே என்று பெயர். பூர்வீகம் ஸ்காட்லாந்து. காரி நிறம், நடு உடம்பைச் சுற்றி மட்டும் ஒரே வெள்ளை, இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டியதுபோல. பிறவியிலேயே கொம்பில்லாத மோழை இனம். வெளியே நீளமாக முரட்டு ரோமம், அடியில் பஞ்சுபோல இன்னொரு அடுக்கு. நான் மூன்று சட்டை போட்டும் நடுங்குகிற தை மாதக் காற்றில் அது பாட்டுக்கு மேயும். என்ன கம்பீரம்!

இயற்கைக் காப்பகத்தில் மாட்டுக்கு என்ன வேலை என்று நானும்தான் கேட்டேன். ஹீத் எனப்படும் இந்தப் புதர்வெளி தானாக உண்டானதில்லை. சத்தில்லாத, அமிலம் கூடிய மணல் மண்ணில் ஆதி மனிதர்கள் காட்டை வெட்டினார்கள். பிறகு ஊர்க்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஆடுமாடு மேய்த்து, விறகுக்கும் கூரைக்கும் வெட்டியெடுத்ததால் அது திறந்த வெளியாகவே நின்றது. மேய்ச்சல் நின்றதும் பிர்ச்சும் பைனும் முளைத்துக் கிளம்பிவிடும். முரட்டுப் புல் மேடுமேடாக வளர்ந்து ஹெதர் செடியை மூடிவிடும். மாடு அந்தப் புல்லைத்தான் நாக்கால் வளைத்துப் பிடுங்குகிறது. சரக் சரக் என்ற அந்தச் சத்தத்தைப் பத்தடி தூரத்தில் நின்று கேட்க வேண்டும்! குளம்பு பட்டுப் பெயர்ந்த வெற்று மணல்கூட வீணில்லை. மணல் பல்லி முட்டையிடுவது அப்படிப்பட்ட இடத்தில்தான்.

இந்த மாடுகளைத் தினமும் ஒருவர் போய்ப் பார்த்தாக வேண்டும். இப்படிப் பார்க்கிறவர்களுக்கு ‘லுக்கர்’ என்று இங்கே ஒரு பழைய சொல் உண்டு. கென்ட் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் ஆடு பார்த்தவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். முதலில் எண்ணிக்கை. பிறகு ஒவ்வொரு மாட்டையும் எழுப்பி நடக்கவிட்டு, நொண்டுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா என்று பார்ப்போம். கோடையில் ஈயால் கண்நோய் பரவும். சாணி சரியாக இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா, கதவைச் சாத்தியிருக்கிறார்களா என்பதெல்லாம் அதற்கப்புறம். மந்தையை விட்டு ஒரு மாடு தனியாக ஒதுங்கி நின்றால் வயிற்றில் புளி கரைக்கும். நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தால் பாதிக் கவலை போச்சு.

எண்ணுவதில் என்ன கஷ்டம் என்று நினைக்கிறீர்களா? பிர்ச் மரத்தின் அடிமரம் வெள்ளை. மாட்டின் பட்டையும் வெள்ளை. வந்த புதிதில் ஒரு நாள் மங்கிய வெளிச்சத்தில் பன்னிரண்டு மாடுகளைப் பதின்மூன்றாக எண்ணி, பெருமையாக மந்தைப் பொறுப்பாளருக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன். “எது கன்று போட்டது?” என்று உடனே பதில் வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால் பதின்மூன்றாவது மாடு ஒரு மரம்!

போன அக்டோபரில் இதற்கு நேர்மாறு. பனிமூட்டம். மூன்று தடவை எண்ணியும் பதினொன்றுதான். வேலி ஓரமாக முழுச் சுற்றும் நடந்தேன், பள்ளத்தில் இறங்கினேன், சேற்றில் முழங்கால்வரை போனேன். காதில் எம்3 இரைச்சல் மட்டும். சாலைக்குப் போயிருந்தால்? கை நடுங்கிற்று. அப்போதுதான் பாதையோரம் ஆவி பறக்க ஒரு சாணி. இவ்வளவு சந்தோஷமாகச் சாணியைப் பார்த்த மனிதன் நானாகத்தான் இருப்பேன். குளம்படியைப் பிடித்துக்கொண்டே போனால் கோர்ஸ் புதர் மறைவில் மகாராணி படுத்திருக்கிறாள். காது ஆடுகிறது, தாடை அரைக்கிறது, மூக்கில் பளபளவென்று ஈரம். முள்ளுக்கு நடுவே அப்போதே நாலைந்து மஞ்சள் பூ. கோர்ஸ் பூவில் துருவிய தேங்காய் வாசம் வரும், சத்தியமாக! புதர் உச்சியில் வாலைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டித் தீர்த்தது ஒரு டார்ட்ஃபர்ட் வார்ப்ளர். 1962-63 கடுங்குளிரில் பிரிட்டன் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு ஜோடி மட்டுமே தப்பிய குருவி அது. அதனிடம் திட்டு வாங்கவும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

‘12/12, எல்லாம் நலம்’ என்று செய்தி அனுப்பிவிட்டு, ஈர மணலிலேயே உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. நானும் அவசரப்படவில்லை.

பழக்கம் இப்போது முற்றிப்போய்விட்டது. ரயில் நிலையத்தில் நிற்பவர்களை எண்ணுகிறேன். போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்: கண் தெளிவு, தீனி நன்றாக எடுக்கிறார்கள், யாரும் ஒதுங்கி உட்காரவில்லை. பெரியப்பா மட்டும் இடது காலைச் சற்றே இழுத்து நடந்தார். கண்டுபிடித்துச் சொன்னது நான்தான். புதுச் செருப்பு கடித்திருக்கிறது.