ஏரோது வீட்டில் அணைந்த விண்மீன்

திருக்காட்சிப் பெருவிழாவைப் போலக் குழந்தைகளுக்கென்றே வாய்த்த திருநாள் வேறு கிடையாது. அடித்துச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குப் புதுத்துணி உடுத்திப் பிள்ளைகளைக் கூட்டிவருவோம். பிரசங்கம் முடிவதற்குள் பாதிப்பேர் அம்மா மடியில் தூங்கிவிடுவார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் என்று நாம் சொல்லும் இந்த விழாவோ காலை வெளிச்சத்தில் வருகிறது. அதில் நடை உண்டு, தேடல் உண்டு, ஏரோது என்ற கெட்ட ராஜா ஒருவன் உண்டு, இறைவாக்கினர் எசாயா புண்ணியத்தில் ஒட்டகமும் உண்டு. கடைசியில் ராஜாவை ஏமாற்றிவிட்டு வேறு வழியில் நழுவுவதும் உண்டு. ஒரு பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் எங்கள் பங்கு. நான் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள். நம் நாட்டில் இந்த விழா ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடப்படுகிறது. 2026-இல் அது ஜனவரி 4. புத்தாண்டு முடிந்து ஊரே அசந்து கிடக்கும் நேரம். குடிலில் மூன்று ராஜா சொரூபங்களை மாட்டுத்தொழுவத்துப் பக்கம் நகர்த்தி வைப்பதோடு பல இடங்களில் விழா முடிந்துவிடும். இந்தத் தடவை பவனியை முழுக்கப் பிள்ளைகள் பொறுப்பில் விடுவோம் என்றார் எங்கள் பங்குத்தந்தை. அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு ஆயுசு நூறு.

உடனே வந்தது சண்டை: யார் ராஜா? கிரீடம் மூன்று, கேட்கிற கை முப்பதுக்கு மேல். மத்தேயு நற்செய்தியைத் திறந்து பிள்ளைகளையே வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் அதிகாரத்தில் கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்று இருக்கிறதே தவிர, எத்தனை பேர் என்று இல்லை. காணிக்கை பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என மூன்று என்பதால் ஆளும் மூவர் என்று ஆகிவிட்டது. உரோமையில் தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறையின் பழைய ஓவியத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். இன்னொரு கல்லறையில் இரண்டே பேர். சிரியக் கிறிஸ்தவர்களின் மரபில் பன்னிரண்டு. இதைச் சொல்லி முடிக்கவில்லை, "அப்போ நாங்க எல்லாருமே ஞானிங்கதான் டீச்சர்!" என்று கத்தினாள் ஐந்தாம் வகுப்புக்காரி ஒருத்தி. சண்டை அதோடு தீர்ந்தது. ஆண், பெண், பெரிசு, பொடிசு என்று அத்தனை பேர் தலையிலும் அட்டைக் கிரீடம் ஏறியது.

அடுத்து காணிக்கை. நாட்டு மருந்துக் கடையில் பறங்கிச் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் வாங்கிவந்து வகுப்பில் தாளில் கொட்டிப் பரப்பினேன். பொன்னுக்கு ஓர் அம்மா கழற்றிக் கொடுத்த கவரிங் வளையல். வளையலை ஒருவரும் சீண்டவில்லை. மூக்கெல்லாம் மற்ற இரண்டின் மேல்தான். சாம்பிராணி வெளிர்மஞ்சளாக, கற்கண்டு உடைத்துப் போட்டதுபோல மினுங்கியது. வெள்ளைப்போளமோ பேரில்தான் வெள்ளை. செம்பழுப்புக் கட்டி, ஒட்டிக்கொண்டு, கசப்பு வாடையோடு. இரண்டுமே மரப்பட்டையைக் கீறினால் வடிந்து இறுகுகிற பிசின். அரேபியா, சோமாலியா பக்கத்து வறண்ட நிலங்களில் விளைபவை. அந்தக் காலத்தில் இறந்தவர் உடலுக்கு வெள்ளைப்போளம் இட்டார்கள், இயேசுவின் அடக்கத்துக்கும் நிக்கதேம் அதைத்தான் கொண்டுவந்தார் என்றேன். "பெறந்த பிள்ளைக்குப் போய் இதையா டீச்சர் குடுப்பாங்க?" என்று கேட்டான் ஒருவன். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இப்படி நெஞ்சில் தைத்த கேள்வி ஒன்றைக் கேட்டதில்லை. பூசையில் நற்செய்திக்குப் பிறகு பழைய வழக்கப்படி அந்த ஆண்டின் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5 என்று சாமி அறிவித்தபோது, அவன் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான். புரிந்துவிட்டது அவனுக்கு!

இப்போது ஞானிகளுக்கு வழிகாட்டிய அந்த விண்மீன். கடலுக்குப் போய் ஓய்ந்த தாத்தா ஒருவர் மூங்கில் வரிச்சைக் கட்டி, பட்டத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்துச் செய்து தந்தார். தலைவாசலிலிருந்து குடில் வரைக்கும் உயரே நைலான் கயிறு. கப்பியில் தொங்கி அது மெள்ள நகரும். பிள்ளைகள் அண்ணாந்தபடி பின்னால் நடந்தார்கள். பாதி வழியில், பாடற்குழு நிற்கிற இடம் ஏரோதின் அரண்மனை. அம்மாவின் பட்டுச்சேலையைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தான் ஏரோது. ஞானிகள் உள்ளே நுழைந்ததும் பல்பு அணைந்தது. "ஸ்டார் போச்சு!" என்று ஒரு வாண்டு அழத் தொடங்க, கோயிலே கலங்கிப்போனது. ஏரோது தேன் ஒழுகப் பேசி, பிள்ளையைக் கண்டால் தனக்கும் வந்து சொல்லும்படி கேட்டு அனுப்பினான். வெளியே கால் வைத்த நொடியில் பல்பு மறுபடி எரிந்தது. அப்போது எழுந்த சத்தம் இருக்கிறதே! கைத்தட்டல், குலவை, பீடச்சிறுவர்கூடத் துள்ளினார்கள். விண்மீனைத் திரும்பக் கண்டவர்களின் மகிழ்ச்சியை மத்தேயு தனியே எடுத்துச் சொல்வது ஏன் என்பது அன்றைக்குத்தான் என் உடம்பில் ஏறியது.

காணிக்கையாக வந்தவை நோட்டு, பென்சில், அரிசி, உண்டியல் காசு. எல்லாம் வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கென்றே 1843-இல் பிரான்சில் ஆயர் ஃபொர்பின்-ஜான்சன் தொடங்கியது திருப்பாலத்துவ சபை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் அதற்கென ஒரு நாளை நிறுவி, இந்தத் திருநாளோடு சேர்த்தார். எத்தனை பொருத்தம்! அந்த வரிசையில் ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தினத்தாளில் பொதிந்த உடன்குடிக் கருப்பட்டியோடு நின்றாள். எதற்கம்மா என்றேன். "மாதாவுக்கு. பிள்ளை பெத்தவங்களுக்கு நல்லதுன்னு ஆச்சி குடுத்துவிட்டாங்க." பொன்னுக்குப் பக்கத்தில் கருப்பட்டியை வைத்தார் சாமி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பூசை முடிந்து பெற்றோர் தலைவாசலில் காத்திருக்க, பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. ஏரோதுக்குத் தெரியாமல் வேறு வழியாகத்தானே ஞானிகள் ஊர் திரும்பினார்கள்! பீடத்தை ஒட்டிய சக்கறாத்து அறை வழியாக அத்தனையும் வெளியேறி, கெபிக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தன. ஏரோதும் அவர்களோடுதான்.

மாலையில் மந்திரித்த சாக்பீஸோடு வீடு வீடாகப் போனோம். இது ஜெர்மனிப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம். அங்கே ராஜா வேடமிட்டு, விண்மீன் ஏந்தி, வாசலில் பாடிக் கதவுநிலையில் எழுதுவார்கள். 1959 முதல் நாடு முழுக்க ஒரே இயக்கமாக, உலகெங்கும் உள்ள ஏழைக் குழந்தைகளுக்காக நிதி திரட்டுகிறார்கள். நிலையில் எழுதுவது இதுதான்: ஆண்டின் எண்ணை இரண்டாகப் பிரித்து, நடுவில் கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என மரபு தந்த மூன்று பெயர்களின் முதலெழுத்து. நாங்கள் தமிழிலேயே எழுதினோம்: 20 + க + மெ + ப + 26. இரண்டாவது வீட்டில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "நாங்களும் ஞானிங்கதானே டீச்சர், எங்க எழுத்து எங்கே?" பங்குத்தந்தை ஒரு நிமிடம் யோசித்தார், பிறகு சாக்பீஸை அவள் கையிலேயே கொடுத்தார். பிள்ளைகள் மாறி மாறி அண்ணன்மார் தோளில் ஏற, எழுத்துகள் நிலையை நிறைத்து, சுவரில் இறங்கி, ஜன்னல் வரை ஓடின. "26 போட இடம் விடுங்கடே!" என்று கீழேயிருந்து கத்தினான் எங்கள் ஏரோது.