சீவுதல் என்னும் வினை: பாடாங் செராயும் ஜப்பானியப் போர்ப்பொறி உருவங்களும்

மலேசியத் தமிழிலக்கியத் திறனாய்வில் 'தோட்டம்' என்னும் சொல் ஒரு களத்தை மட்டுமன்றி ஒரு முடிவையும் குறித்து வந்துள்ளது. தோட்டம் துண்டாடப்பட்டது, மரம் வீழ்ந்தது, வாழ்வு சிதைந்தது என்னும் வரிசையிலேயே நம் ஆய்வுகள் பெரும்பாலும் நடைபோடுகின்றன. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' முதலிய புதினங்களைப் பயின்றும் பயிற்றுவித்தும் வந்த நாம், பால்மரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தோட்டத்து வாழ்வின் தொடர்ச்சி எதுவும் இராது எனக் கொண்டுவிட்டோம். இக்கோட்பாட்டை மீண்டும் எண்ணிப் பார்க்க எம்மைத் தூண்டியது இலக்கியப் பனுவல் எதுவும் அன்று. பாடாங் செராயில் எம் தமக்கையார் வீட்டில், பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவன் உணவு மேசையின்மேல் பரப்பி வைத்திருந்த நெகிழிப் பொம்மையே அது. பல்கலைக்கழக ஆய்விதழில் பொம்மைக்கு இடமுண்டோ என வினவுவோர்க்கு, மயிற்பொறிக்கும் இயந்திர யானைக்கும் காப்பியத்துள் இடம் தந்த மொழி நம்முடையது என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்வோம்.

மயிற்பொறியும் விண்குடிகளும்

அப்பொம்மை, 'கண்டாம்' என்னும் ஜப்பானிய இயங்குபடத் தொடரில் வரும் போர்ப்பொறியின் சிற்றுருவம். (இச்சொல்லைத் தமிழெழுத்தில் எழுதப் புகுந்தால் சோதிடர் கூறும் 'கண்டம்' ஆகிவிடும் இடர் உண்டு. நெடிலிட்டுத் தப்பினோம்.) யோஷியூகி தொமினோ இயக்கிய இத்தொடர் 1979 ஏப்ரலில் ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. போதிய வரவேற்பு இன்மையால் திட்டமிட்டதினும் குறைவாக, 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் முடிக்கப்பட்டது. அதன்பின் மறு ஒளிபரப்பும், 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென் விலையில் வெளியிட்ட நெகிழி உருவமும், 1981, 1982 ஆண்டுகளில் வந்த திரைப்படத் தொகுப்புகளும் அதற்கு மறுவாழ்வு அளித்தன. கதையில் 18 மீட்டர் உயரமுள்ள பொறி, 144இல் ஒரு பங்காகச் சுருங்கி, பன்னிரண்டரை சென்டிமீட்டர் அளவில் சிறுவர் கைக்கு வந்தது. இவ்வுருவங்களைக் 'கன்பிளா' என வழங்குவர்.

கதைப்பொருளைச் சுருங்கக் கூறுதல் தகும். மக்கள்தொகை மிகுந்தமையால் மாந்தர் விண்வெளிக் குடியிருப்புகளில் குடியேற்றப்படுகின்றனர். அவற்றுள் ஒன்று பூமியின் ஆட்சியினின்று விடுதலை கோரிப் போர் தொடுக்க, மாந்தரினத்தில் ஏறத்தாழப் பாதி அழிகிறது. குடிபெயர்த்துக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இத்தொடக்கம் அயலாகத் தோன்றாது. எனினும், விடுதலை கோரியோரையே கொடுங்கோலராக்கிய கதை அது என்பதால் ஒப்புமையை நீட்டிக்க நாம் விரும்பவில்லை. நம் நோக்கிற்கு வேண்டியது முதற்பகுதியில் வரும் ஒரு நிகழ்ச்சியே. அமுரோ என்னும் இளைஞன், தாக்குதலின் நடுவே கிடைத்த கையேட்டைப் புரட்டிப் படித்துக்கொண்டே போர்ப்பொறிக்குள் ஏறி, அதனை இயக்குகிறான். சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் விசயை வெளியேறியதும், இயந்திர யானையின் வயிற்றுள் வீரர் மறைந்திருந்து உதயணனைச் சிறைப்படுத்தியதும் நாம் அறிந்தவையே. மாந்தர் உட்புகுந்து இயக்கும் பொறி என்னும் கற்பனை நமக்குப் புதிதன்று. கையேட்டைப் படித்து இயக்கும் வீரன்தான் புதியவன். பெட்டியைத் திறந்து விளக்கத் தாளை விரிக்கும் ஒவ்வொரு சிறுவனும் அமுரோ செய்ததையே செய்கிறான்.

இயல்பும் விகாரமும்

இவ்வுருவங்களின் உண்மையான தனிச்சிறப்பு அவற்றின் பொருத்து முறையில் உள்ளது. தொடக்கக்கால உருவங்களுக்குப் பசை தேவைப்பட்டது. அப்பசை நாம் தாளொட்டும் பசை போன்றதன்று. அது பாலிஸ்டைரின் நெகிழியின் மேற்பரப்பைக் கரைக்கும் நீர்மம். இரு துண்டுகளின் விளிம்பும் கரைந்து ஒன்றோடொன்று கலந்து, நீர்மம் ஆவியானபின் ஒரே துண்டாகிவிடும். 1980களின் பிற்பகுதியில் பசையின்றிப் பொருந்தும் முறை பரவிற்று. 1990இல் தொடங்கிய 'ஹை கிரேடு' வரிசையில் பல நிறப் பகுதிகளை ஒரே சட்டத்தில் வார்க்கும் நுட்பமும் அதனோடு சேர்ந்தது. ஒரு துண்டின் முளை, மற்றொன்றின் துளையினும் மயிரிழையளவு பெரிதாக இருக்கும். விரலால் அழுத்தினால் நெகிழி இளகி இடங்கொடுத்து இறுகப் பற்றிக்கொள்ளும். அசையும் மூட்டுகளுக்கு மட்டும் மென்மையான பாலிஎத்திலீன் குமிழ்களை இடுவதுண்டு. வன்னெகிழியோடு வன்னெகிழி உராய்ந்தால் மூட்டு விரைவில் தேய்ந்து தளர்ந்துவிடும்.

நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்விரு முறையும் உடனே விளங்கும். பசையிட்டு இணைத்தல் விகாரப் புணர்ச்சி. 'பொன்' எனும் நிலைமொழி 'குடம்' என்பதோடு சேர்ந்து 'பொற்குடம்' ஆகும்போது ஈறு திரிவதுபோல், ஈண்டு விளிம்பு திரிகிறது. அழுத்திப் பொருத்துதலோ 'பொன்மலை' போன்ற இயல்பு புணர்ச்சி. இரு துண்டும் தத்தம் வடிவு மாறாமல் நிற்கின்றன. வேண்டுமாயின் மீண்டும் பிரிக்கலாம். இயல்பு புணர்ச்சியை விதியே இல்லாப் புணர்ச்சி என மாணவர் பிறழ உணர்வதுண்டு. வருமொழியின் முதலெழுத்து இன்னதாயின்தான் ஈறு இயல்பாக நிற்கும் என்பதும் விதியே. முளையும் துளையும் மயிரிழை பிசகினும் பொருத்தம் கெடும். உரிமம் பெறாத மலிவு நகல்களை வாங்கியோர் இதனை நன்கறிவர். கை உயர்த்தினால் தோள் கழன்று விழும்.

இவ்வளவும் எம் மாணவர்க்கு நல்லதோர் எடுத்துக்காட்டு என்ற அளவில் மகிழ்ந்து, குறிப்பேட்டில் எழுதியும் வைத்தோம். பொருள்சார் பண்பாட்டை ஆராயும் முறைகளை வெளிநாட்டில் முனைவர் பட்டத்திற்குப் பயின்றபோது கற்றோம் என்னும் இறுமாப்பும் சிறிது இருந்ததை மறைப்பானேன். அன்று மாலை தமக்கையார் வேலை முடிந்து வந்தபின் அக்குறிப்பு போதாதெனத் தெரிந்தது.

வாய்க்காலும் மடையும்

பாடாங் செராய் என்பது மலாய் மொழியில் செராய்ப்புல் திடல் எனப் பொருள்படும். விக்டோரியா, ஹென்றியேட்டா முதலிய தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. மறுபுறம் பிறையில் 1980களின் தொடக்கம் முதலே ஹாட் வீல்ஸ் சிறு கார்களைச் செய்யும் மேட்டல் தொழிற்சாலை இயங்கி வந்துள்ளது. தோட்டத்துப் பிள்ளைகள் பெரட்டுக் களத்தினின்று கம்பெனிப் பேருந்துக்கு மாறியது இக்காலத்தில்தான். எம் தமக்கையாரும் அவ்வாறு சென்றவர். நெகிழி வார்க்கும் ஆலையொன்றில் நெடுங்காலம் பணியாற்றுகிறார். அச்சினின்று வெளிவரும் துண்டுகளைப் பிரித்து, பிசிறு நீக்கி, குறை உள்ளனவற்றை ஒதுக்குதல் அவர் பணி.

நெகிழி ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் உருகி எஃகு அச்சுக்குள் பாய்கிறது. அது ஓடும் வழியை 'ரன்னர்' என்றும், துண்டுக்குள் நுழையும் குறுகிய வாயைக் 'கேட்' என்றும் ஆலையில் வழங்குவர். வாய்க்கால், மடை எனத் தமிழில் சொன்னால் நெல் விளையும் கெடாவில் எவர்க்கும் புரியும். சிறுவன் பெட்டியைத் திறந்ததும் காண்பது, குளிர்ந்து உறைந்த வாய்க்காலில் மடைதோறும் தொங்கும் துண்டுகளையே. ஒவ்வொரு மடையையும் வெட்டித் துண்டை விடுவித்த பின்னரே பொருத்துதல் தொடங்கும். விளக்கத் தாளில் உள்ள எழுத்துகள் ஜப்பானியம். சிறுவன் அவற்றை ஒரு பொருட்டாகக் கொள்ளாமல், படத்தையும் துண்டின் எண்ணையும் கொண்டே படித்துச் சென்றான்.

தமக்கையார் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்று பார்த்தார். பின் குறட்டை அவன் கையிலிருந்து வாங்கினார்.

"ஒட்டி வெட்டாதடா. கொஞ்சம் விட்டு வெட்டு, மிச்சத்தக் கத்தியால சீவு. ஒரேயடியா வெட்டுனா வெள்ளையாப் பூத்துப்போயிடும்."

அவ்வாறே ஆகும். மடையைத் துண்டோடு ஒட்டி நெரித்தால் நெகிழி இழுபட்டு அவ்விடம் வெளுக்கும். நிறத்திலேயே வார்க்கப்பட்ட உருவத்தில் வண்ணம் பூசாமல் அவ்வடுவை மறைப்பது கடினம். இவ்வுருவங்களைச் செய்து பழகியோர் இருமுறை வெட்டும் இம்முறையைத் தம் கலையின் முதற்பாடமாகக் கொள்வர். கண்டாம் தொடரை ஒருநாளும் பார்த்திராத எம் தமக்கையார் அப்பாடத்தை ஆலைத் தளத்தில் கற்றிருந்தார்.

சாய்வு நாற்காலியில் இருந்த எம் அன்னையார் அப்போது வாய் திறந்தார்: "சீவறப்ப கத்திய அழுத்தாதய்யா. காயம் பட்டுச்சுன்னா அப்புறம் அந்த எடத்துல பால் வராது." சிறுவன் சிரித்தான்: "பாட்டி, இது மரம் இல்ல." "எல்லாம் ஒண்ணுதான், சீவு" என்றார் அன்னையார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் சீவியவர் அவர். பால்மரத்தின் பட்டையில், சாய்வான கோட்டில், ஒரு மில்லிமீட்டர் அல்லது சற்றே கூடுதலான கனத்தில் சீவவேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் உள்ளிருக்கும் வளர்படை காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கண்ணுக்குத் தெரியாத அவ்வெல்லையை விடியற்கருக்கலில், நெற்றி விளக்கொளியில் கையால் உணர்ந்து நிறுத்தியவர்கள் நம் பெண்கள். அதே 'சீவு' என்னும் வினை ஆலைக்குச் சென்ற மகளின் வாயில் பிசிறு நீக்கலைக் குறித்தது. பேரனின் கையில் மடைத்தழும்பு நீக்கலைக் குறிக்கிறது. செயப்படுபொருள் இருமுறை மாறியும் வினை மாறவில்லை. அழுத்தாமல் மேலோடு எடுத்தல் என்னும் கைப்பக்குவமும் மாறவில்லை. தோட்ட வாழ்வு அறுபட்டது என எழுதும் திறனாய்வாளர் பெயர்ச்சொற்களையே எண்ணி வந்துள்ளோம் என இப்போது தோன்றுகிறது. கங்காணி, கிராணி, பெரட்டு, லயம், மங்கு ஆகிய சொற்கள் வழக்கொழிந்தமையைப் பட்டியலிட்ட நாம், வினைச்சொற்கள் எங்குச் சென்றன எனத் தேடவில்லை.

இதனை மிகைப்படுத்தலும் ஆகாது. ஆலையில் சீவும் கைக்கு உயர்ந்த கூலி இல்லை. பிசிறு இல்லாமல் வார்க்கும் அச்சுகளும், துண்டெடுக்கும் இயந்திரக் கைகளும் வந்தபின் அக்கையின் தேவையும் குறைந்து வருகிறது. சிறிய பெட்டி ஒன்றின் விலை, அதே ஆலைப் பெண்ணின் ஒரு நாள் கூலியை ஏறத்தாழ எட்டிவிடும். மேலும், பசையின்றிப் பொருந்தும் உருவத்திற்கு ஒரே விடைதான் உண்டு. எண்ணிட்ட துண்டு எண்ணிட்ட இடத்தில் சேரவேண்டும். மூன்று ரப்பர்க் கொட்டையும் குச்சியும் நூலும் கொண்டு சுழலி செய்த தோட்டத்துச் சிறுவனுக்கு எவரும் விளக்கத் தாள் தரவில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டும், சரியான விடை ஒன்றே என்னும் மனப்பாங்கு நம் வகுப்பறையை விட்டு நீங்காத நிலையில், மற்றுமோர் ஒற்றை விடைப் பயிற்சியை நாம் போற்றவேண்டுமா என்னும் வினா நியாயமானதே. எம் விடை, சிறுவனின் திறமை பொருத்துதலில் இல்லை, சீவுதலில் உள்ளது என்பதாகும். எங்குப் பொருத்துவது என்பதைத் தாள் கூறும். எவ்வளவு சீவுவது என்பதை எத்தாளும் கூறுவதில்லை. அது பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லித் தரவேண்டியது. அன்று அம்மேசையில் அதனைச் சொல்லித் தந்தவை இரண்டு தலைமுறைகள், தமிழில்.

நெகிழி ஆலைக்குள் நடக்கும் தமிழ்ச் சிறுகதை நம்மிடையே அரிது. எழுதப்படுவனவும் அங்குள்ள பெண்ணைத் தோட்டத்தை நினைத்து ஏங்குபவளாகவே காட்டும் போக்குடையன. அவள் கைக்குள் இருக்கும் அறிவு கதைக்குள் வருவதில்லை. நம் மாணவரைக் களப்பணிக்கு அனுப்பும்போது முதியோரிடம் தோட்டத்துச் சொற்களைக் கேட்டுவரச் சொல்கிறோம். ஆலையில் வேலை செய்யும் அவர்தம் தாயாரிடம், துண்டு குறைபட வார்ந்தால் என்ன சொல்வீர்கள், பிசிறு படர்ந்தால் என்ன சொல்வீர்கள் எனக் கேட்டுவர அனுப்பியதில்லை. இவ்வாண்டு அனுப்ப எண்ணியுள்ளோம்.

உருவம் முடிவதற்கு இரவு பத்து மணி ஆயிற்று. இடது தோளில் ஒரு வெள்ளைத் தழும்பு, தமக்கையார் வருமுன் வெட்டியது, அப்படியே நின்றது. வெறுமையான வாய்க்கால் சட்டங்களை அவர் ஒன்றுசேர்த்து ஒடித்துப் பால்மாவு டின்னில் போட்டார். ஆலையில் இவற்றை அரைத்து மீண்டும் உருக்குவார்களாம். மங்கின் அடியில் உறைந்த ஓட்டுப்பாலை உரித்துப் பையில் சேர்த்து, தனியாக நிறுத்துக் காசு வாங்கிய அன்னையார், டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத எங்க எடை போடுவாங்க?" என்று கேட்டார்.