டேப் சுற்றும் கை

குளியலறைக் குழாய் கையோடு கழன்று வந்து சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டால், முதலில் ஓட வேண்டிய இடம் மொட்டைமாடி. தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் உள்ள கேட் வால்வை மூடினால் பாதிக் கலவரம் அடங்கிவிடும். (வருஷக்கணக்கில் தொடாத வால்வு அந்த நேரம் பார்த்துத்தான் இறுகிக் கிடக்கும்.)

பிறகு பிளம்பர் வருவார். நான் ரசிப்பது அவர் பையிலிருந்து வெளிவரும் வெள்ளை டெஃப்லான் டேப்பை. 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயு ஆராய்ச்சியில் தற்செயலாகக் கண்ட பொருள்தான் டெஃப்லான். டேப் என்று பேர், பசையே கிடையாது. அதன் வழுக்கலால் மரை இன்னும் ஆழமாக இறங்கும். மிஞ்சும் இடுக்கை அது அடைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் இதற்குச் சணலும் பெயின்ட்டும்தான்.

சூட்சுமம் திசையில் இருக்கிறது: மரையின் முனை நம்மைப் பார்க்க, கடிகார முள் போகும் பக்கம் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் குழாயைத் திருகும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். கைப்பழக்கம் உள்ளவர் விறைப்பாகச் சுற்றி, கத்தி தேடாமல் வெடுக்கென்று இழுத்து அறுப்பார். நுனி தானாக மரைக்குள் படியும். பயத்தில் பந்துபோலச் சுற்றுபவர்மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பிளாஸ்டிக் எல்போவாக இருந்தால் இறுக்கும்போது விரிசல் விட்டுவிடும்.