தமிழ்த் தரவகங்களில் உட்சரத் தேடல்: அடைவின் அலகு குறித்த ஒரு மதிப்பீடு

அச்சுச் சொல்லடைவு முழுச்சொல்லையே தலைச்சொல்லாகக் கொள்ளும். மின்தரவகத்திலோ சொல்லின் இடைப்பகுதியையும் தேடவேண்டியுள்ளது. ஒவ்வொரு தேடலுக்கும் உரை முழுவதையும் துருவாமல் விரைந்து விடைதரும்பொருட்டு, எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடுபொறிகள் உரையை 'என்-கிராம்' எனப்படும் சிறு துண்டுகளாக முன்கூட்டியே பகுத்து அடைவுபடுத்த வழிசெய்கின்றன. இம்முறை விரைவைத் தருகிறது. ஆயின் துண்டின் அலகு எது என்னும் வினா தமிழைப் பொறுத்தவரை எஞ்சி நிற்கிறது.

இப்பொறி துண்டுகளை ஒருங்குறிக் குறியெண்களால் அளக்கிறது. 'கல்வி' என்பது தமிழில் 3 எழுத்து. ஒருங்குறியில் க, ல, புள்ளி, வ, இகரக்குறி என 5 குறியெண். எனவே 'கல' எனத் தேடினால் 'கல்வி'யும் விடையாக வருகிறது. மாறாக, 'கடல்' என முழுப்பொருத்தம் கோரித் தேடினால் 'கடலலை' அகப்படுவதில்லை; லகர மெய் அகரத்தோடு புணர்ந்து உயிர்மெய்யானமையால் அங்குப் புள்ளி இல்லை. துண்டுகளில் எழுத்து வகைக் குறியெண்கள் மட்டுமே இடம்பெற வேண்டும் எனப் பொறியை வரையறுப்பது மேலும் இடர் தரும். ஒருங்குறி வகைப்பாட்டில் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் அடங்காமையால், அவை வருமிடமெல்லாம் சொல் முறிந்துபோகிறது.

உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பகுத்துக் காணும் இலக்கண மரபு இங்குத் துணைசெய்கிறது. 'கொ' போன்ற எழுத்துகள் இருவகையாகக் குறியேற்றப்படக்கூடும் என்பதால், முதலில் ஒருங்குறி இயல்பாக்கம் வேண்டும். பின்னர் உரையையும் தேடுசொல்லையும் ஒலிநிரலாக மாற்றினால், 'கடல்' (க் அ ட் அ ல்) 'கடலலை'யில் அப்படியே அமைகிறது. 'கல' (க் அ ல் அ) 'கல்வி'யில் அமைவதில்லை. 'பூ', 'தீ' போன்ற ஈரொலிச் சொற்களும் அகப்பட வேண்டுமாயின் துண்டின் சிற்றளவு 2 ஆதல் வேண்டும். பேரளவை 3 எனக் கொள்ளலாம். இவ்விரண்டின் வேறுபாடு, எலாஸ்டிக்சர்ச் இயல்பாக ஏற்கும் 1 என்னும் வரம்புக்குள் அடங்குகிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 'கல்' எனத் தேடுவார்க்குக் 'கலை'யும் வந்துசேரும். திரிபுப் புணர்ச்சியில் அமைந்த 'பாற்குடம்', 'பால்' என்னும் தேடலுக்கு அகப்படாது. முன்னதை விடைகளைப் படித்து நீக்கலாம். பின்னதற்குத் திரிந்த வடிவத்தையும் சேர்த்துத் தேடவேண்டும்.

மிகையாக வரும் விடை ஆய்வாளரின் கண்ணுக்குப் புலப்படும். விடுபட்ட விடை புலப்படாது. 'இந்நூலில் இச்சொல் பயின்றுவரவில்லை' என்னும் முடிபு பொறியின் அமைப்பால் விளைந்ததாகவும் இருக்கலாம். ஆதலின், தேடல்வழிப் பெற்ற எண்ணிக்கைகளைச் சான்றாகக் காட்டும் ஆய்வுகள், அடைவின் அலகு குறியெண்ணா, எழுத்தா, ஒலியா என்பதையும் உடன் குறிப்பிடுதல் இன்றியமையாதது.