அறுவர் ஆடிய களம்: ‘தி அவெஞ்சர்ஸ்’ ஓர் அலசல்

பல முதன்மைப் பாத்திரங்களுக்கு ஏறத்தாழச் சமமான இடம் தந்து, அவர்களை ஒரே கதைக்குள் பிணைக்கும் படத்தைக் குழு நாயகர் படம் எனலாம். இவ்வகைப் படத்தை எடைபோடும்போது, ஒவ்வொருவரும் தனித்தனியே எவ்வளவு வல்லவர் என்பதைக் காட்டிலும், ஒருவர் செய்யும் வேலையை இன்னொருவர் செய்துவிட முடியாதபடி பணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதே முதலில் பார்க்கப்பட வேண்டும். ஜாஸ் வீடன் இயக்கத்தில் 2012இல் வெளியான ‘தி அவெஞ்சர்ஸ்’ இந்தச் சோதனையில் பெருமளவு தேறிய படம். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963இல் படக்கதையில் உருவாக்கிய குழுவின் உறுப்பினர்களை, 2008இன் ‘அயர்ன் மேன்’ தொடங்கி ஐந்து படங்கள் அறிமுகம் செய்து முடித்திருந்த நிலையில், அவர்களை 143 நிமிடங்களுக்குள் ஓரணியாக்கும் பொறுப்பு வீடனிடம் வந்தது. சுமார் 22 கோடி டாலர் செலவில் உருவாகி 150 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய படம் இது. அந்த வசூலுக்கு அடித்தளமாக அமைந்த திரைக்கதை நுட்பம் இன்றும் கூர்ந்து ஆராயத்தக்கது.

படத்தின் வலிமை முழுவதும் திரண்டு நிற்கும் இடம், வானில் மிதக்கும் போர்க்கப்பலின் ஆய்வுக்கூடத்தில் நாயகர்கள் ஒருவர்மீது ஒருவர் குற்றம் சுமத்திக்கொள்ளும் காட்சியே ஆகும். அவர்களைத் திரட்டிய ‘ஷீல்ட்’ என்னும் கற்பனை உளவு அமைப்பு, அளவிலா ஆற்றல் கொண்ட டெசராக்ட் என்னும் கனசதுரத்தைக் கொண்டு இரகசியமாக ஆயுதம் செய்ய முனைந்திருப்பதை, அயர்ன் மேனாகிய ஸ்டார்க் கணினிக்குள் ஊடுருவியும், படைவீரரான ரோஜர்ஸ் கிடங்குக்குள் நுழைந்து பெட்டியைத் திறந்தும் கண்டுபிடிக்கிறார்கள். ஒரே உண்மையை இருவரும் தத்தம் இயல்புக்கேற்ற வழியில் எட்டுவதால், விளக்க உரையாடல் ஏதுமின்றியே இரு பாத்திரங்களின் வேறுபாடும் பார்வையாளருக்குப் புலனாகிவிடுகிறது. வாக்குவாதம் முற்றும்போது, பிறருக்காகத் தன்னை இழக்கும் மனம் ஸ்டார்க்குக்குக் கிடையாது என்று ரோஜர்ஸ் பழிக்கிறார். நியூயார்க் மீது ஏவப்பட்ட அணுகுண்டு ஏவுகணையை ஸ்டார்க் தன் தோளில் சுமந்து, திரும்பும் உறுதியின்றி, வேற்றுலகப் படை வந்திறங்கும் விண்வாயிலுக்குள் நுழையும்போது, அந்தப் பழிச்சொல்லுக்கான விடை செயலாக வருகிறது. அதே வாக்குவாதத்தில், சினமுற்றால் ஹல்க் என்னும் பேருருவாக மாறும் பேனர், தன்னையறியாமல் படத்தின் எதிர்நாயகன் லோகியின் செங்கோலைக் கையில் எடுத்துவிடுவதை மற்றவர்கள் கண்டு திகைப்பதும், வசனத்தால் சொல்லியிருந்தால் நீர்த்துப்போயிருக்கக்கூடிய ஒரு அச்சத்தை நொடியில் நிறுவுகிறது. இத்தகைய உட்பகையின் மேல் கட்டப்பட்டதால்தான் பின்னர் வரும் ஒற்றுமைக்கு மதிப்பு உண்டாகிறது.

நியூயார்க்கில் லோகியின் படையோடு நடக்கும் இறுதிப் போரின் தொடக்கத்தில், களத்தடுப்பாளர்களை நிறுத்தும் கிரிக்கெட் அணித் தலைவரைப் போல ரோஜர்ஸ் ஒவ்வொருவருக்கும் இடம் வகுக்கிறார்: கூரையிலிருந்து கண்காணிக்க வில்லாளர் ஹாக்ஐ, சுற்றெல்லையைக் காக்க அயர்ன் மேன், விண்வாயிலை மின்னலால் அடைக்க தோர், தரையில் நிற்க ரோஜர்ஸும் உளவாளி நடாஷாவும், தகர்ப்பதற்கு ஹல்க். சில நொடிகளே நீளும் இந்தப் பகிர்வினால், அடுத்து வரும் நீண்ட சண்டையில் யார் எங்கே, ஏன் நிற்கிறார்கள் என்ற குழப்பம் எழவே இல்லை. அறுவரையும் வெட்டே இல்லாத ஒரே ஓட்டம் போலத் தொடர்ந்து காட்டும் புகழ்பெற்ற காட்சித்துண்டு, பல பகுதிகளைக் கணினியில் ஒட்டவைத்து ஆக்கப்பட்டது என்றாலும், ஒருவரின் செயல் அடுத்தவரின் செயலுக்கு வழிவிடும் அதன் ஒழுங்கு, குழு உருவாகிவிட்டதை அறிவிக்கும் திரைமொழியாகவே செயல்படுகிறது. ஒளிப்பதிவாளர் சீமஸ் மெக்கார்வி, இவ்வகைப் படங்களில் வழக்கமான மிக அகன்ற சட்டகத்தை விடுத்து, அகலம் உயரத்தைப் போல் 1.85 மடங்கு இருக்கும் சட்டகத்தைத் தேர்ந்ததும் சரியான முடிவு. ஹல்க்கின் உயரமும், நடாஷாவின் உயரமும், மன்ஹாட்டன் கட்டடங்களின் நெடுமையும் ஒரே காட்சிக்குள் அடங்குவது அதனால்தான்.

நடிப்பில் மார்க் ரஃபலோவின் பங்கு தனித்துக் கூறத்தக்கது. நடிகரின் உடலசைவையும் முகபாவத்தையும் பதிந்து கணினி உருவத்துக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் முறையால், பேனரின் களைத்த கண்கள் ஹல்க்கின் முகத்திலும் தெரிகின்றன. கொல்கத்தாவின் வறிய பகுதியில் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்ப்பவராக அவர் அறிமுகமாகும் காட்சி, நியூ மெக்சிகோவில் படமாக்கப்பட்டு, புழுதியும் நெரிசலும் மட்டுமே ஒரு பெருநகரின் அடையாளம் என்பது போல் அமைந்திருப்பது இந்தியப் பார்வையாளருக்கு உறுத்தலாக இருப்பினும், ரஃபலோவின் அடங்கிய நடிப்பு அதைத் தாங்கிப்பிடிக்கிறது. ஆனால் கப்பலில் நடாஷாவையே கொல்லத் துரத்திய ஹல்க், நியூயார்க்கில் கட்டளைக்குக் கட்டுப்பட்டவராக மாறுவது எப்படி என்பதற்குப் படம் தரும் விடை, கைதட்டலுக்கு உதவும் ஒற்றை வசனம் மட்டுமே. இந்த மாற்றத்துக்கு இன்னும் ஒரு காட்சி தேவைப்பட்டது.

குறைகளில் பெரியது எதிர்த்தரப்பின் வெறுமை. டாம் ஹிடில்ஸ்டனின் லோகி, சிறைப்பட்டே குழுவைச் சிதைக்கத் திட்டமிடும் கூர்மதியாளராகவும், அந்தத் திட்டத்தை நடாஷா தந்திரமான விசாரணையால் கறந்துவிடும்போது ஏமாறுபவராகவும் சிறக்கிறார். எனினும் அவர் அழைத்து வரும் சிட்டாரி என்னும் வேற்றுலகப் படையில் முகமுள்ளவர் ஒருவரும் இல்லை, அவர்களுக்கென ஒரு நோக்கமும் சொல்லப்படவில்லை. தாய்க்கலம் வெடித்ததும் படை முழுவதும் ஒரே கணத்தில் சரிந்து விழுவது, அறுவரும் அதுவரை பட்ட பாட்டின் எடையையே குறைத்துவிடுகிறது. ஜெரமி ரென்னரின் ஹாக்ஐ படத்தின் பெரும்பகுதியில் லோகியின் வசியத்தில் கிடப்பதால், மீண்டு வந்து சேரும்போது அவரைக் குழுவில் ஒருவராக ஏற்கப் பார்வையாளருக்குக் காரணம் போதவில்லை. தொடக்க அரைமணி நேரம் ஆள்திரட்டும் வேலையிலேயே கழிகிறது. ‘தோர்’ படத்தைப் பார்க்காதவருக்கு சகோதரர்களாக வளர்ந்த லோகி–தோர் உறவின் காயம் எட்டுவதும் அரிது. நாயகர்களை ஒன்றுபடுத்தும் ‘ஷீல்ட்’ முகவர் கோல்சனின் மரணம் மனத்தைத் தொடுகிறது, ஆனால் 2013இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அவரை உயிருடன் மீட்டதால், அந்த இழப்பு பின்னோக்கிப் பார்க்கையில் மெலிந்துபோனது வருந்தத்தக்கது.

இக்குறைகளில் சில பின்வந்த படங்களில் திருத்தப்பட்டன. 2015இன் ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ ஹாக்ஐக்கு ஒரு பண்ணைவீட்டையும் குடும்பத்தையும் தந்தது. ரூஸோ சகோதரர்களின் ‘இன்ஃபினிட்டி வார்’ 2018இல், லோகிக்குச் சிட்டாரி படையைத் தந்த தானோஸையே கதையின் மையத்தில் நிறுத்தி, எதிர்த்தரப்பின் வெறுமையை நீக்கியது. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட நாயகர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து அண்டமெங்கும் அனுப்பியதால், அந்தப் படத்தில் ஸ்டார்க்கும் ரோஜர்ஸும் ஒருமுறைகூட நேருக்கு நேர் சந்திப்பதில்லை. ஆய்வுக்கூடச் சச்சரவுக்கு இணையான ஒரு காட்சிக்கு அங்கே வாய்ப்பே இல்லாமல் போயிற்று. மறு ஆண்டு ‘எண்ட்கேம்’ படத்தில், விண்வெளியிலிருந்து உடல் மெலிந்து திரும்பும் ஸ்டார்க், தேவைப்பட்டபோது உடனில்லாமல் போன ரோஜர்ஸை எல்லோர் முன்னிலையிலும் சாடும் காட்சியில்தான் அந்தப் பழைய வலிமை தொடருக்கு மீண்டும் கிடைத்தது.