ஃபெர்குசனின் அலமாரியும் இருகப்பரின் இரண்டு திருப்பணிகளும்

கட்டடக் கலை சமுதாயத்தின் கண்ணாடி என்று மேடைதோறும் சொல்கிறோம். சரி, அந்தக் கண்ணாடியில் யார் முகம் தெரிகிறது? இந்தியக் கட்டடக் கலைக்கு முதன்முதலில் முழு வரலாறு எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன், கட்டியவரின் இனமும் மதமும் தெரிகிறது என்றார். அந்தப் பதில் சரியில்லை என்பது என் கட்சி.

முதலில் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். 1808-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். வங்காளத்தில் அவுரி வியாபாரம் செய்தவர். 1835 முதல் 1842 வரை நாடு முழுக்கச் சுற்றி, கோயில் கோயிலாகப் பார்த்து, படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனார். 1876-ல் வெளிவந்த 'இந்திய, கீழைநாட்டுக் கட்டடக் கலை வரலாறு' அந்த உழைப்பின் பலன். கடையில் பேரேட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்த என் போன்றவனுக்கு அவர்மேல் ஒரு பிரியம் உண்டு. வியாபாரி வியாபாரியை மதிக்கத்தானே செய்வான்.

ஆனால் சரக்கை அடுக்கிய விதம்தான் இடிக்கிறது. பௌத்தம் ஒரு பகுதி, ஜைனம் ஒரு பகுதி. அப்புறம் திராவிடம், சாளுக்கியம், இந்தோ-ஆரியம். முன்னது இரண்டும் மதம். பின்னது இனமும் அரச வம்சமும். துணியை ஒரு தட்டில் நிறத்தை வைத்தும், அடுத்த தட்டில் விலையை வைத்தும் அடுக்கினால் கேட்ட துணியை எப்படி எடுத்துப் போடுவது?

'ஜைனப் பாணி' என்று ஒன்று தனியாக உண்டா? விஜயநகர அரசின் தண்டநாயகர் இருகப்பரைப் பாருங்கள். அவர் ஜைனர். ஹம்பியில் குந்துநாத தீர்த்தங்கரருக்கு 1385-86 வாக்கில் ஒரு கோயில் எடுத்தார். ஊர்க்காரர்கள் அதை 'கானகித்தி' கோயில், அதாவது எண்ணெய்க்காரி கோயில் என்கிறார்கள். முன்னால் நிற்கும் ஒற்றைக்கல் விளக்குத் தூணில் கல்வெட்டு இருக்கிறது. மேலே கல்லைப் படிப்படியாக அடுக்கிய கூரை. அடுத்த இரண்டு வருஷத்தில், 1387-88-ல், அதே மனிதர் தம் குரு புஷ்பசேனர் சொல்படி காஞ்சிபுரத்துத் திருப்பருத்திக்குன்றத்தில் சங்கீத மண்டபம் கட்டினார். அது அப்பட்டமான தமிழ்நாட்டுத் தூண் மண்டபம். பக்கத்திலுள்ள சிவன் கோயிலிலோ பெருமாள் கோயிலிலோ கொண்டுபோய் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது.

பணம் கொடுத்தவர் ஒருவர், மதம் ஒன்று, அரசும் ஒன்று. உருவம் மட்டும் ஏன் இரண்டு? ஹம்பியில் செதுக்கிய கை அந்தப் பக்கத்துக் கை, காஞ்சியில் செதுக்கியது காஞ்சிக் கை. அவ்வளவுதான் விஷயம். ஹேமகூட மலையில் படிக்கூரையோடு நிற்கும் சிவன் கோயில்களை, அந்தக் கூரையைப் பார்த்தே நெடுநாள் ஜைனக் கோயில்கள் என்று சொல்லிவந்தார்கள். அலமாரியின் பெயர்ப்பலகையைப் படித்தவர்கள் உள்ளே இருக்கும் லிங்கத்தைப் பார்க்கவில்லை!

ஸ்ரீரங்கத்தைப் பற்றி அவர் சொன்ன குறை பிரசித்தம். வெளியே பெரிய கோபுரம், உள்ளே போகப் போகச் சின்னது, நடுவில் சன்னதி அதைவிடச் சின்னது. வரிசை தலைகீழாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். ஒரே ஆள் வரைந்த படமாக இருந்தால் அந்தக் குறை நியாயம். தஞ்சையில் ராஜராஜன் 1010-ல் தன் எண்ணத்தைத் தன் காலத்திலேயே முடித்தான். அங்கே விமானம்தான் ஓங்கி நிற்கிறது. ஸ்ரீரங்கம் அப்படியல்ல. பழைய சன்னதியை யாரும் பெரிதாக்கத் துணியவில்லை. பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு மதிலாக வெளியே சேர்த்தார்கள். ஃபெர்குசன் காலத்தில் குறையாக நின்ற தெற்கு ராஜகோபுரம், அகோபில மடத்து ஜீயர் முயற்சியில், பலர் கொடுத்த பணத்தில், 1987-ல்தான் 236 அடியாக முடிந்தது. இது பழைய பாக்கியை முன்னுக்குக் கொண்டுவந்து எழுதிய பேரேடு. முதல் பக்கம் சின்னது என்று குறைப்படலாமா?

அதே மதில்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நம் கோயில்களில் எந்த மதில்வரை யார் வரலாம் என்பதும் சேர்த்தே கட்டப்பட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939-ல். இதைச் சொல்லாமல் அழகை மட்டும் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். கடைக்கு வரும் தமிழர்கள், "ஜைனரா? அப்போ நீங்க சேட்டா?" என்கிறார்கள். "இல்லீங்க, தமிழ்தான், நயினார்" என்றால் நம்புவதில்லை. மார்வாடி நண்பர்களிடம் எங்கள் ஊர் ஜினாலயப் படத்தைக் காட்டினால், "இது இந்துக் கோயில் மாதிரி இருக்கே, மார்பிள் எங்கே?" என்கிறார்கள். ஆபு மலையில் 1031-ல் விமல்ஷா கட்டியது ஒன்றுதான் ஜைனக் கோயில் என்று இரு தரப்புக்கும் மனதில் பதிந்திருக்கிறது. அது அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது குஜராத், ராஜஸ்தான் கைவேலை. திருப்பணிக்குப் பணம் தருகிறவர்கள் கருங்கல் தரையின்மேல் மார்பிள் போடச் சொல்லும்போது, ஃபெர்குசனின் அலமாரிதான் எங்கள் கருவறைவரை வந்து நிற்கிறது. இரண்டு கூட்டங்களில் எழுந்து எதிர்த்துப் பேசியிருக்கிறேன். ஒன்றில் கேட்டார்கள்.

விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போகிறவர்கள் காஞ்சியில் பட்டு எடுத்த கையோடு திருப்பருத்திக்குன்றத்துக்கும் ஒரு ஆட்டோ பிடியுங்கள். சங்கீத மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகள் விதானம் முழுக்க ஓவியமாக இருக்கும். குழந்தைகளையும் கூட்டிப்போங்கள், படங்களுக்குக் கீழே எழுதியிருப்பது தமிழ்.