மணிக்கட்டில் அலாரம், வாசலில் யார்?

பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட, வயதானவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகள் திருத்தணி வட்டாரத்தில் ஏராளம். அம்மாவின் கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டுப் புறப்படும் பிள்ளையின் அக்கறை உண்மையானது. அதை அந்தக் கருவி எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

காப்பாற்றும் இடங்கள் உண்டு. ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு பலருக்கு வந்து வந்து போகும். ஆஸ்பத்திரியில் சில நொடிகளில் எடுக்கும் இசிஜியில் சிக்காமல் தப்பி, பின்னாளில் பக்கவாதத்தில் கொண்டுவிடவும் கூடும். நாள் முழுக்கக் கையில் கிடக்கும் வாட்ச் அதைப் பிடித்துவிட்டால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்து ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம். விழுந்து அசையாமல் கிடந்தால் தானே போன் செய்யும் வசதியும் தனியாக இருப்பவருக்குப் பெரிய துணை.

ஆனால் எச்சரிக்கை வேறு, நோய் வேறு. ஆப்பிள் வாட்ச் அணிந்தவர்களை வைத்து நடந்து, 2019இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் பங்கேற்றவர்கள் 4,19,297 பேர். எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதத்தினருக்கு. அவர்களில் இசிஜி பட்டை ஒட்டிச் சோதித்துக்கொண்டவர்களில் 34 சதவீதத்தினரிடமே கோளாறு பதிவானது. வந்து போகும் நோய் என்பதால் மற்ற எச்சரிக்கைகள் பொய் என்று தள்ளவும் முடியாது. பங்கேற்றவர்களில் முதியவர்கள் சிறுபான்மையினர் என்பதையும் மறக்கக் கூடாது.

வாட்சின் அடியில் மினுங்கும் பச்சை ஒளி, தோலுக்கடியில் ரத்தம் ஓடும் அளவை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. மெலிந்த மணிக்கட்டில் பட்டை தளர்ந்தாலும் கை நடுங்கினாலும் கணக்கு பிசகும். நம் பெரியவர்களைப் பரவலாக வாட்டும் சுகருக்கோ இது உதவாது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தமிழும் தெலுங்கும் மட்டுமே அறிந்த பாட்டிக்கு ஆங்கிலத்தில் வரும் செய்தியும் பயன்படாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, அலாரம் போய்ச் சேரும் இடம். சென்னையில் மகன் பதறுவான். பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவான். அதற்குமேல் அவனால் ஆகாது. ஊரிலோ, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பெரியவரின் சம்மதத்தோடு அந்த எச்சரிக்கை அவர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போனால்தான் கருவி சிகிச்சையின் பகுதியாகும்.

அந்த ஏற்பாடு வரும்வரை, முதலில் புஜத்தில் கட்டும் பிரஷர் மெஷினும் குளுக்கோமீட்டரும் வாங்கிக் கொடுங்கள். வாட்ச், இதயக் கோளாறைச் சந்தேகிக்கும் மருத்துவர் சொன்ன பிறகு போதும்.